நடுக்கடலில் வேலையை விட முடியுமா? கடல் உணவுத் தொழிலும் உழைப்பு நியாயமும்: ஓர் எளிய அறிமுகம்

கட்டாய உழைப்பு என்று பேச்சை எடுத்தாலே பலரும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டு வர வேண்டியதுதானே?" கேட்பதில் தப்பில்லை. கட்டட வேலையில் மேஸ்திரி கூலியை இழுத்தடித்தால் மறுவாரம் வேறு சைட்டுக்குப் போய்விடலாம். ஹோட்டலில் முதலாளி கை நீட்டினால் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடலாம். இழப்பு உண்டு, ஆனாலும் வழி இருக்கிறது. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மீன்பிடிக் கப்பலில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது. பாஸ்போர்ட் கேப்டனிடம். சம்பளக் கணக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகுதான். போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் தண்ணீர்.

கடல் உணவுத் தொழிலில் நியாயமான வேலை என்றால் என்ன என்பதைப் பற்றி நூறு பக்க வழிகாட்டிகளும் தரச் சான்றிதழ்களும் வந்துவிட்டன. புதிதாகப் படிக்க வருகிறவர் அத்தனையையும் புரட்ட வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்: இந்த ஆள் நினைத்தால் இறங்கிப் போக முடியுமா? ஒப்பந்தம், கூலி, அடையாள அட்டை, புகார் எண், தணிக்கை எல்லாமே கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்கின்றன.

முதலில் வரையறையைப் பார்த்துவிடலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., 1930இல் கொண்டுவந்த 29ஆம் உடன்படிக்கை கட்டாய உழைப்பை இரண்டே கூறுகளால் சொல்கிறது. ஒன்று, ஏதோ ஒரு தண்டனையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது. இரண்டு, அந்த ஆள் தானாக முன்வராமல் இருப்பது. சங்கிலியும் சவுக்கும் தேவையில்லை. "போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்", "இத்தனை மாதச் சம்பளமும் போய்விடும்" என்பதும் மிரட்டல்தான். கள ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க வசதியாக ஐ.எல்.ஓ. 11 அறிகுறிகளைத் தொகுத்திருக்கிறது. ஏமாற்றி வேலைக்கு எடுப்பது, நடமாட்டத்தைத் தடுப்பது, தனிமைப்படுத்துவது, அடையாளப் பத்திரங்களைப் பிடுங்கி வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, அளவுக்கு மீறி வேலை வாங்குவது ஆகியவை அவற்றில் சில. இவற்றில் தனிமையைப் பொறுத்தவரை கடலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. முதலாளி சுவர் எழுப்ப வேண்டியதில்லை. 2022இல் ஐ.எல்.ஓ.வும் கூட்டாளி அமைப்புகளும் வெளியிட்ட உலக மதிப்பீட்டின்படி, கட்டாய உழைப்பில் 2.76 கோடிப் பேர்; அவர்களில் 1,28,000 பேர் மீன்பிடிக் கப்பல்களில் இருப்பவர்கள். கப்பலுக்குள் போய்க் கணக்கெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால், உண்மை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கஷ்டமான வேலைக்கும் கட்டாய வேலைக்கும் வித்தியாசம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒக்கிப் புயலில் எத்தனை பேரைத் திரும்பப் பார்க்க முடியாமல் போனது என்பது நமக்குத் தெரியும். டீசல், ஐஸ், ரேஷன் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். மீன் படாவிட்டால் வெறுங்கையோடு வர வேண்டியதுதான். இது ஆபத்தான தொழில், ஆனால் கட்டாய உழைப்பு அல்ல. படகில் இருப்பவர்கள் சொந்த ஊர்க்காரர்கள், மச்சான், சித்தப்பா மகன் என்று இருப்பார்கள். அடுத்த தடவை "நான் வரலை" என்று சொல்ல முடியும். அதே படகில் ஒருவர் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டு, "அதை அடைக்கும்வரை வேறு படகில் ஏறக்கூடாது" என்று நிறுத்தப்பட்டால் கதை மாறிவிடுகிறது. இந்தியாவின் 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குறிவைப்பது இதைத்தான். முன்பணம் கொடுப்பது குற்றமல்ல. அதைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பதுதான் குற்றம்.

தாய்லாந்தில் நடந்தது

இந்த விஷயத்தை உலகம் படித்த பள்ளிக்கூடம் தாய்லாந்து. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1989 நவம்பரில் கே என்ற சூறாவளி தாய்லாந்து வளைகுடாவில் அடித்தது. ஏராளமான மீன்பிடிப் படகுகள் மூழ்கின, நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள். அதுவரை வடகிழக்குத் தாய்லாந்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து படகுக்கு வந்துகொண்டிருந்த இளைஞர்கள் கடலைக் கண்டு மிரண்டார்கள். அந்த நேரத்தில் பாங்காக்கைச் சுற்றி ஃபேக்டரிகளும் கட்டட வேலைகளும் பெருகிக்கொண்டிருந்தன. கரையில் வேலை கிடைக்கும்போது எவர் கடலுக்குப் போவார்? படகுகளுக்கு ஆள் இல்லை. அந்த இடத்தை மியான்மர், கம்போடியாவிலிருந்து வந்தவர்கள் நிரப்பினார்கள். எல்லை தாண்டி, பத்திரம் இல்லாமல், மொழி தெரியாமல் வந்தவர்கள்.

இரண்டாவது காரணம் மீன். இழுவலை போட்டு அள்ளி அள்ளித் தாய்லாந்து வளைகுடாவில் மீன் வளம் படுத்துவிட்டது. முன்பு ஒரு மணி நேரத்தில் கிடைத்த மீனைப் பிடிக்க இப்போது பல மடங்கு நேரம் வலை இழுக்க வேண்டும், அல்லது இந்தோனேசியக் கடல்வரை போக வேண்டும். இங்கே படகுக்காரரின் கணக்கைப் பாருங்கள். டீசலில் பேரம் பேச முடியாது. ஐஸும் வலையும் அப்படித்தான். மீனுக்கு விலை வைப்பது வாங்குகிற கம்பெனி. அதற்கு மேலே இருக்கும் சூப்பர் மார்க்கெட் இன்னும் குறைத்துக் கேட்கிறது. எல்லாம் போகக் கை வைக்கக்கூடியதாக மிஞ்சுவது ஆள் கூலி ஒன்றுதான். கெட்ட கேப்டன்களால் வந்த பிரச்சினை இது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கேப்டன் நல்லவராக இருந்தாலும் கணக்கு அதேதான்.

ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் இங்கேதான் நுழைகிறார். எல்லை தாண்டிக் கூட்டிவர, சாப்பாடு போட, பத்திரம் எடுக்க என்று ஒரு தொகையைத் தொழிலாளி தலையில் எழுதுவார். படகுக்காரர் அந்தத் தொகையைத் தரகருக்குக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். அப்புறம் அது கூலியில் கழியும். எவ்வளவு எழுதினார்கள், எவ்வளவு கழிந்தது என்பது தொழிலாளிக்குத் தெரியாது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணியின் பின்னால் போன தலைமுறையின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன்காரர் ஆகிவிடும் அதே ஏற்பாடுதான். தோட்டம் இருந்த இடத்தில் கப்பல்.

2014 ஜூனில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் ஒரு நீண்ட புலனாய்வை வெளியிட்டது. சாப்பிடப் பயன்படாத சின்ன மீன்களை, ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்களே, அதைத் தாய்லாந்துக் கப்பல்களில் அடிமைகளைப் போல் வைத்திருந்தவர்களைக் கொண்டு பிடித்தார்கள். அது மீன்தூள் ஆலைக்குப் போனது. மீன்தூள் இறால் தீவனமானது. தீவனம் பண்ணை இறாலுக்குப் போனது. இறால் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குப் போனது. இறால் பண்ணையை மட்டும் போய்ப் பார்த்தவருக்கு எந்தக் குறையும் தென்பட்டிருக்காது. குற்றம் மூன்று படி கீழே, கடலில் இருந்தது. சப்ளை செயினை அடிவரை தேட வேண்டும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

அடுத்த வருடம் வெளிவந்தது இன்னும் மோசம். இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்தில், ஆரு தீவுகளில் பெஞ்சினா என்று ஓர் ஊர். அங்கே மீன் கம்பெனி வளாகத்துக்குள் ஒரு கூண்டில் மனிதர்கள் அடைக்கப்பட்டிருந்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் கண்டார்கள். ஓடிப்போகக்கூடியவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களுக்கான கூண்டு அது. பக்கத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம். இறந்தவர்கள் மியான்மர்காரர்களாக இருந்தாலும் பலகைகளில் இருந்தவை போலித் தாய் பெயர்கள். பொய்ப் பத்திரத்தில் ஏற்றிக் கூட்டிவந்ததால் சாவிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. செய்தியாளர்கள் அங்கிருந்து மீன் ஏற்றிய சரக்குக் கப்பலைச் செயற்கைக்கோள் வழியாகத் தாய்லாந்துவரை பின்தொடர்ந்தார்கள். துறைமுகத்தில் மீன் ஏற்றிய லாரிகளைத் தொடர்ந்து போய் எந்த ஆலைகளில் இறங்குகிறது என்று பார்த்தார்கள். சுங்கப் பதிவுகளைக் கொண்டு அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகள்வரை கோத்துக் காட்டினார்கள். அந்த மீன் பூனை உணவு டப்பாக்களுக்குள்ளும் போயிருந்தது. பேட்டி கொடுத்த ஆட்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று, அவர்கள் தீவை விட்டு வெளியேற்றப்படும்வரை செய்தியை வெளியிடாமல் காத்திருந்தார்கள். 2015 மார்ச்சில் செய்தி வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இந்தோனேசிய அதிகாரிகள் தீவுக்கு வந்தபோது 300க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். அந்த வருடத்துக்குள் விடுதலையானவர்கள் 2,000க்கும் மேல். ஒருவர் அம்மாவைத் திரும்பப் பார்க்க 22 வருடம் ஆகியிருந்தது. இந்தத் தொடருக்கு 2016இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

கரையில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று எண்ணிவிட வேண்டாம். பாங்காக்குக்குத் தென்மேற்கே சமுத் சாக்கோன் என்ற துறைமுக மாகாணம், மகாச்சை என்றும் சொல்வார்கள். பெரிய ஆலைகள் இறால் உரிக்கும் வேலையை அங்கே சின்னச் சின்னக் கொட்டகைகளிடம் ஒப்படைத்திருந்தன. 2015 நவம்பரில் சோதனை நடந்த ஒரு கொட்டகையில் விடிகாலை 2 மணிக்குக் கதவை உதைத்து எழுப்புவார்களாம். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவி, 16 மணி நேரம். ஆண், பெண், குழந்தைகள் எல்லாரும். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். கேட் வெளியே பூட்டப்பட்டிருந்தது. இறங்கிப் போக முடியுமா என்ற கேள்விக்குத் தரையிலும் "முடியாது" என்ற பதில்தான் வந்தது.

அப்புறம் என்ன மாறியது

2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை காட்டியது. சட்டவிரோத மீன்பிடிப்பைச் சரிசெய்யாவிட்டால் உங்கள் கடல் மீனை வாங்கமாட்டோம் என்று அர்த்தம். சட்டப்படி அந்த அட்டை மீன்பிடி ஒழுங்கைப் பற்றியதுதான், தொழிலாளர் உரிமையைப் பற்றியது அல்ல. ஆனாலும் இரண்டும் ஒரே கப்பலில் நடப்பவை என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே அழுத்தம் வந்தது. அமெரிக்காவும் 2014இலேயே தன் ஆள்கடத்தல் அறிக்கையில் தாய்லாந்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தது.

தாய்லாந்து அரசு வேகமாக நகர்ந்தது. புது மீன்பிடிச் சட்டம் வந்தது. 30 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி கட்டாயமானது. ஒரே பயணத்தில் 30 நாளுக்கு மேல் கடலில் இருக்கக்கூடாது. கப்பல் புறப்படும்போதும் திரும்பும்போதும் துறைமுகத்தில் ஆட்களை எண்ணிப் பார்க்கும் சோதனை மையங்கள் திறந்தார்கள். கூலி மாதாமாதம், வங்கிக் கணக்கில். உரிப்புக் கொட்டகைகளிடம் வேலை கொடுப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் தன் ஆலைக்குள் கொண்டுவருவதாகத் தாய் யூனியன் என்ற பெரிய டுனா நிறுவனம் 2015 இறுதியில் அறிவித்தது. 2019 ஜனவரியில் ஐரோப்பா மஞ்சள் அட்டையை விலக்கியது. அதே மாதம் ஐ.எல்.ஓ.வின் மீன்பிடி வேலை உடன்படிக்கையைத் தாய்லாந்து ஏற்றது. ஆசியாவில் அதைச் செய்த முதல் நாடு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதி எழுதுவதற்கும் விதி கப்பலுக்குள் போவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத் துறைமுகச் சோதனையிலேயே பார்க்கலாம். 2018 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை சொன்னது இது: அதிகாரிகள் பத்திரத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், தலை எண்ணுகிறார்கள், ஆனால் தொழிலாளர்களோடு பேசுவதே அரிது. பேச வேண்டுமானால் அவர்கள் மொழி தெரிந்தவர் வேண்டும். கேப்டன் தள்ளி நிற்க வேண்டும். படகு முதலாளி பக்கத்தில் நிற்கும்போது "உனக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் எந்தத் தொழிலாளி ஆமாம் என்பார்? வங்கிக் கூலியிலும் அப்படித்தான் ஓட்டை விழுந்தது. கணக்கு தொழிலாளி பெயரில் இருந்தது, சில இடங்களில் ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் முதலாளியிடம் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு பெரிய ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. தாய்லாந்தின் 1975ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சொந்தமாகச் சங்கம் தொடங்க முடியாது, சங்கத்தின் பொறுப்புக்கும் வர முடியாது. படகுகளில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் வெளிநாட்டவர்கள் என்றால் என்ன ஆகும்? சொங்க்லா துறைமுகத்தில் மீனவர் உரிமை வலையமைப்பு என்ற பெயரில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் துணையோடு அவர்கள் திரண்டார்கள். சங்கம் என்ற சட்ட அந்தஸ்து இல்லாமலேயே. இந்த ஒரு திருத்தத்தைச் செய்திருந்தால் மற்றப் பத்துச் சீர்திருத்தங்களைவிட அதிகம் பலன் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. படகில் என்ன நடக்கிறது என்று 30 நாளும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய ஒரே ஆய்வாளர் அந்தத் தொழிலாளிதான்.

மஞ்சள் அட்டை போனதும் படகு முதலாளிகளின் சங்கங்கள் மூச்சு விட ஆரம்பித்தன. விதிகள் தங்களை நசுக்குகின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை: செலவு கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை கூடவில்லை. 2024 டிசம்பரில் தாய்லாந்தின் கீழவை மீன்பிடிச் சட்டத்தைத் தளர்த்தும் திருத்தத்தை நிறைவேற்றியது. நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மீனை மாற்றுவதற்கான தடையைத் தளர்த்துவதும் அதில் அடக்கம்.

நடுக்கடலில் மீனை மாற்றினால் என்ன என்று தோன்றலாம். மீன்பிடிக் கப்பல் கரைக்கு வர வேண்டிய காரணம் மூன்று: மீனை இறக்க, டீசல் போட, உணவு ஏற்ற. ஒரு சரக்குக் கப்பல் நடுக்கடலுக்கே வந்து இந்த மூன்றையும் முடித்துக் கொடுத்துவிட்டால் மீன்பிடிக் கப்பல் ஒரு வருடத்துக்குக் கரையையே பார்க்காமல் இருக்கலாம். கப்பல் கரைக்கு வராவிட்டால் ஆளும் வரமாட்டார். தொலைதூரக் கடல்களில் சூரை பிடிக்கும் பெரிய கப்பல்களில் இது சாதாரணமாக நடக்கிறது.

நல்ல வேலைக்கு அளவுகோல்

தாய்லாந்து ஏற்ற அந்த மீன்பிடி வேலை உடன்படிக்கை, அதாவது ஐ.எல்.ஓ.வின் 188ஆம் உடன்படிக்கை, 2007இல் எழுதப்பட்டது. போதுமான நாடுகள் ஏற்று அமலுக்கு வர 2017 நவம்பர் ஆகிவிட்டது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதில் உள்ளவை ஆடம்பரமான உரிமைகள் ஒன்றுமில்லை. எழுத்தில் ஒப்பந்தம். யார் யார் கப்பலில் இருக்கிறார்கள் என்ற பட்டியல், அதன் நகல் கரையில். குறைந்தபட்ச வயது 16, ஆபத்தான வேலைக்கு 18. மூன்று நாளுக்கு மேல் கடலில் இருக்கும் கப்பலில் 24 மணி நேரத்துக்கு 10 மணி நேரமாவது ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம். மருத்துவச் சான்று, காயம்பட்டால் சிகிச்சை, ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பும் செலவு. வேலைக்கு எடுக்கும் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது. ஓய்வு நேரக் கணக்கைப் படித்துவிட்டு, "14 மணி நேரம் வேலை வாங்கலாம் என்றா சொல்கிறது?" என்று சிலர் திகைப்பார்கள். ஆமாம், அவ்வளவு கீழேதான் கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இந்த உடன்படிக்கையின் உண்மையான பல் எங்கே இருக்கிறதென்றால், ஏற்றுக்கொண்ட நாட்டின் துறைமுகத்துக்குள் எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் சோதிக்கலாம் என்பதில். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஃபூ ஷெங் 11 என்ற தைவான் கப்பலை நிறுத்தி வைத்தார்கள். பத்திரங்கள் சரியில்லை, தங்குமிடம் மோசம், சாப்பாடு போதவில்லை, பாதுகாப்பு ஏற்பாடு கேவலம். இந்த உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாகப் பிடித்துவைக்கப்பட்ட கப்பல் அது.

சரி, கம்பெனிகள் காட்டும் சான்றிதழ்களை நம்பலாமா? எதற்கான சான்றிதழ் என்று பார்க்க வேண்டும். மீன் பாக்கெட்டுகளில் இருக்கும் எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) அமைப்பின் நீல முத்திரை முக்கியமாக மீன் வளம் நிலைத்து நிற்கும்படி பிடிக்கப்பட்டதா என்பதைப் பற்றியது. மீனுக்கு நல்லது செய்யும் கப்பல் மனிதருக்கும் நல்லது செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆலைகளுக்கான சமூகத் தணிக்கைகள் தனியாக இருக்கின்றன. முன்கூட்டித் தேதி சொல்லிவிட்டு, ஓரிரு நாள் வந்து, மேனேஜர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் தொழிலாளர்களிடம் பேசிவிட்டுப் போகிற தணிக்கைகள் அவற்றில் நிறைய. கல்யாண வீட்டுச் சமையலறையைப் பந்தி நேரத்தில் எட்டிப் பார்ப்பதைப் போன்றது, பளபளவென்றுதான் இருக்கும்.

பலன் கொடுத்த விஷயங்கள் வேறு. தாய்லாந்தில் இஸ்ஸாரா என்ற அமைப்பு பர்மிய, கெமர், லாவோ மொழிகளில் தொலைபேசிப் புகார் எண் நடத்துகிறது. முதலாளிக்குத் தெரியாமல், தன் மொழியில், ராத்திரியில்கூட ஒருவர் பேசலாம். அதில் வருவதைக் கம்பெனியோடும் வெளிநாட்டு வாங்குபவரோடும் பேசித் தீர்க்கிறார்கள். தைவான் கப்பல்களில் வேலை செய்யும் இந்தோனேசிய மீனவர்கள் கேட்பது இன்னும் எளிமையானது: கப்பலில் வைஃபை வேண்டும். பொழுதுபோக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குச் சம்பளம் வந்ததா என்று மனைவியிடம் கேட்க, அடிபட்டால் படம் எடுத்து அனுப்ப, சங்கத்துக்குச் செய்தி சொல்ல. கேப்டனிடம் வானிலைக்கும் மீன் விலைக்கும் செயற்கைக்கோள் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆட்களுக்குத் தருவதில்தான் தயக்கம்.

வாங்குபவர் கொடுக்கும் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூப்பர் மார்க்கெட் ஒன்று "எங்கள் சப்ளையர்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது" என்று கொள்கை அறிவிப்பு வெளியிட்டுவிட்டு, அதே வாரம் கிலோவுக்குப் பத்து சென்ட் குறைத்துக் கேட்டால், அந்தக் கட்டணத்தை யார் தலையில் எழுதுவார்கள் என்பது தெரிந்ததுதான். நீண்டகால ஒப்பந்தமும் கட்டுப்படியாகும் விலையும் இல்லாத நடத்தை விதிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதைவிடக் கனமான நெம்புகோல் இறக்குமதியைப் பார்க்கும் சுங்கத்துறையிடம் இருக்கிறது. கட்டாய உழைப்பால் செய்த பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்று அமெரிக்கா 1930இலேயே சட்டம் போட்டது. உள்நாட்டில் போதுமான அளவு உற்பத்தியாகாத பொருளுக்கு விலக்கு என்று ஒரு சந்து இருந்ததால் அது பல பத்தாண்டுகள் தூங்கியது. பெஞ்சினா செய்திகள் வந்து ஒரு வருடத்துக்குள், 2016 பிப்ரவரியில், அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதன்பின் தனித்தனிக் கப்பல்களின் பெயரைச் சொல்லி அந்த மீனை உள்ளே விடாதே என்று உத்தரவுகள் வந்தன. 2021இல் சீனாவின் தாலியன் ஓஷன் ஃபிஷிங் நிறுவனத்தின் மொத்தக் கப்பல் அணிக்கும் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இதே மாதிரியான சட்டம் 2027 டிசம்பரில் அமலாகிறது. கப்பலில் வந்த சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது என்றால் எந்தக் கம்பெனிக்கும் உடனே காது கேட்கும்.

நம் பக்கம்

2012, 2013இல் தாய்லாந்து இறால் பண்ணைகளை ஒரு நோய் சூறையாடியது. அந்தச் சந்தையில் பெரும்பங்கு இந்தியாவுக்கு வந்தது. முக்கியமாக ஆந்திரக் கடற்கரைக்கு. 2024இல் அமெரிக்கா இறக்குமதி செய்த இறாலில் முதலிடம் இந்தியாவுடையது. வேலை வந்தபோது அதோடு சேர்ந்து வரும் நெருக்கடிகளும் வந்தன. ஆலைகளில் இறால் உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒப்பந்தக்காரர் வழியே வருபவர்கள், வேறு மாநிலங்களிலிருந்து வந்து ஆலை விடுதியில் தங்குபவர்கள். கிலோ கணக்கில் கூலி. கை ஐஸிலேயே இருந்து தோல் உரிந்து, நகக்கண் வெந்து போவது அங்கே சாதாரணம். 2024இல் அவுட்லா ஓஷன் புராஜெக்ட் என்ற செய்தி அமைப்பும் கார்ப்பரேட் அக்கவுண்டபிலிட்டி லேப் என்ற உரிமை அமைப்பும் ஆந்திர இறால் தொழில் பற்றி அடுத்தடுத்து வெளியிட்டவை இந்தக் கேள்விகளையே எழுப்பின. ஏற்றுமதியாளர்கள் மறுத்தார்கள். விவாதம் தொடர்கிறது. ஆலை எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் கேட்டைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போக யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தால் பாக்கிக் கூலியைக் கையில் கொடுப்பார்களா?

தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்கும் ஈரானுக்கும் படகு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. கன்னியாகுமரி, ராமநாதபுரம், திருநெல்வேலிக் கடற்கரைக்காரர்கள். 2020இல் கொரோனா வந்தபோது ஈரான் துறைமுகங்களில் நூற்றுக்கணக்கானோர் படகிலேயே மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா போர்க்கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. பெருந்தொற்றை யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஊர் திரும்பும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் போனவர் எப்படி மாட்டுவார் என்பதை அந்தக் கோடை காட்டிவிட்டது.

கடையில் இறால் வாங்குகிறவர் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். உள்ளூர்ச் சந்தையில் மீன்காரம்மாவிடம் வாங்குகிறவர் பெரும்பாலும் எந்தப் படகு என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லண்டனிலோ டொராண்டோவிலோ உறைய வைத்த பாக்கெட்டும் டின் மீனும் வாங்குகிறவர், எந்த ஆலையில் பதப்படுத்தியது, எந்தக் கப்பல்களிலிருந்து வாங்குகிறீர்கள் என்று அந்தக் கடைத் தொடருக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். பதில் சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. கப்பல் பட்டியலைப் பொதுவெளியில் வைக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. தனி ஆள் புறக்கணிப்பதால் பெரிதாக ஒன்றும் அசையாது. கொள்கலன் கணக்கில் வாங்குகிறவர் கேட்டால்தான் அசையும்.

ஆனால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வெளிநாட்டுப் படகு வேலைக்குக் கிளம்புகிறார் என்றால் செய்ய வேண்டியது அதிகம். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் இந்தியச் சட்டப்படி வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ஒரு லட்சம் கேட்டால் மிச்சம் எதற்கு என்று கேட்க வேண்டும், ரசீதும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் சம்பளமா பங்கா, எத்தனை மாதம், நடுவில் காயம்பட்டால் யார் செலவு, திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். படகின் பெயர், பதிவு எண், முதலாளியின் தொலைபேசி எண், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட வேண்டும்.